பெரும்பூரானுக்குத் தப்ப முடியாத பெட்டி அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பூரான் வளர்க்க விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது அதன் நிறத்தைப் பற்றியும் உணவைப் பற்றியும்தான். பெட்டியைப் பற்றிய கேள்வி, பூரான் வீட்டுக்கு வந்துசேர்ந்த பிறகே எழுகிறது. பெட்டி தயாராகி, ஒரு வாரம் ஈரமும் வெப்பமும் சரியாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் பூரானை வாங்க வேண்டும். வளர்ப்பவரின் விழிப்பை மட்டும் நம்பியிருக்கும் பெட்டி பாதுகாப்பானது ஆகாது. அவர் களைத்து வந்து ஒரு கொண்டியை மாட்ட மறந்த இரவிலும் பூரானை உள்ளேயே வைத்திருக்கும் பெட்டிதான் பாதுகாப்பானது. கீழுள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

பெரும்பூரான் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

ஸ்கொலோபென்ட்ரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பெரிய பூரான்களைக் குறிப்பிடுகிறேன். வளர்ப்போரிடம் மிகுதியாகக் காணப்படுபவை தென்கிழக்காசியாவின் ஸ்கொலோபென்ட்ரா சப்ஸ்பினிபெஸ், ஸ்கொலோபென்ட்ரா டெஹானி ஆகிய இரண்டு. இவை 20 செ.மீ. அளவுக்கு வளரக்கூடியவை. தென்னமெரிக்காவின் வடபகுதியில் வாழும் ஸ்கொலோபென்ட்ரா ஜைகான்ட்டியா 30 செ.மீ. வரை போகும். நம் பக்கத்திலும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறிப் பட்டையிட்ட ஸ்கொலோபென்ட்ரா ஹார்ட்விக்கி உண்டு. சிவந்த பெரிய பூரானைச் செய்யான் என்று அழைக்கும் பழைய வழக்கு, நம் முன்னோர் இவற்றைத் தனியாகவே கவனித்து வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டை இதில் சேராது. அது தாவரக் கழிவைத் தின்னும் சாது.

இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் அளவுகள் எல்லாம் 20 செ.மீ. நீளமுள்ள, வளர்ந்த ஒரு சப்ஸ்பினிபெஸை மனத்தில் கொண்டு சொல்லப்படுபவை. உங்கள் பூரானின் நீளத்துக்கு ஏற்ப அவற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

ஒரு பூச்சிக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?

தேவை. இதன் உடல் தட்டையானது; கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பிளவில் நுழைந்து வாழ்வதற்கென்றே அமைந்தது. தலை நுழையும் இடத்தில் மீதி உடலும் நுழைந்துவிடும். 21 இணைக் கால்கள் உள்ளன. பின்பக்கத்துக் கால்கள் சில பற்றிக்கொண்டிருக்க, உடலின் முன்பகுதி முழுவதையும் காற்றில் நீட்டி அடுத்த பிடிமானத்தைத் தேட இதனால் முடியும். வெனிசுலாவின் ஒரு குகையில் ஸ்கொலோபென்ட்ரா ஜைகான்ட்டியா கூரையில் ஏறி வௌவால்களைப் பிடித்துத் தின்றதை ஆய்வாளர்கள் 2005இல் பதிவு செய்தார்கள். குகையின் கூரைக்கு ஏறும் ஓர் உயிருக்கு உங்கள் பெட்டியின் மூடி எட்டாத உயரம் அல்ல.

நஞ்சைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். தலைக்குக் கீழே கொடுக்குகளைப் போலத் தெரிபவை, உண்மையில் முதல் இணைக் கால்கள் நஞ்சு செலுத்தும் கருவிகளாக மாறியவை. சுமார் 3 கிராம் எடையுள்ள ஒரு செந்தலைப் பூரான், தன்னைப்போல் 15 மடங்கு எடையுள்ள சுண்டெலியை 30 நொடிக்குள் செயலிழக்கச் செய்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு விவரிக்கிறது. நலமாக உள்ள பெரியவர்கள் பூரான் கடியால் இறப்பது மிக அரிது. ஆனால் பிலிப்பைன்ஸில் தலையில் கடிபட்ட ஏழு வயதுச் சிறுமி 29 மணி நேரத்துக்குப் பின் இறந்தது மருத்துவப் பதிவுகளில் நீண்ட காலமாக உள்ள செய்தி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பெரும்பூரான் வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

நீளம் பூரானின் நீளத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாமலும், அகலம் அதன் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருந்தால் போதும்: 20 செ.மீ. பூரானுக்கு 45 செ.மீ.க்கு 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். மிகப் பெரிய தொட்டியில் பூரான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். அதுவும் ஓர் ஆபத்துதான்.

பலரும் தவறவிடுவது உயரத்தை. கணக்கிட வேண்டியது பெட்டியின் உயரத்தை அன்று, மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரையுள்ள வெற்றுச் சுவரின் உயரத்தை. பூரான் சுவரில் ஏறாவிட்டாலும், பின்கால்களை மண்ணில் ஊன்றிச் சுவரோடு சாய்ந்து நிமிர்ந்து நிற்கும். உணர்கொம்புகளையும் சேர்த்தால் அதன் நீட்டம் உடல் நீளத்தைத் தாண்டிவிடும். ஆகவே வெற்றுச் சுவர் பூரானின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 20 செ.மீ. பூரானுக்கு 30 செ.மீ. வெற்றுச் சுவர், அதன் கீழே 12 செ.மீ. மண், ஆக மொத்தம் 42 செ.மீ. உயரம். மண்ணின் மேல் 6 செ.மீ. உயர மரப்பட்டை ஒன்றைச் சுவரோரம் வைத்தீர்களானால், அந்த இடத்தில் வெற்றுச் சுவர் 24 செ.மீ. ஆகிவிட்டது என்பதை மறக்கக் கூடாது. பூரான் அளப்பது பட்டையின் உச்சியிலிருந்துதான்.

கண்ணாடித் தொட்டியா, அக்ரிலிக் பெட்டியா, சமையலறை டப்பாவா?

மூன்றும் பயன்படும், மூன்றுக்கும் குறை உண்டு. அக்ரிலிக் தெளிவாகவும் இலேசாகவும் இருக்கும், துளையிடுவதும் எளிது. ஆனால் உள்பக்கம் ஈரமும் வெளிப்பக்கம் வறட்சியுமாக இருக்கும்போது மெல்லிய அக்ரிலிக் மூடி மெதுவாக வளைந்து, சில மாதங்களில் ஓர் ஓரம் தூக்கிக்கொள்ளும். வாங்கிய அன்று இறுக்கமாக இருந்ததே என்று நம்பிக்கொண்டிருப்போம். மூடி மட்டுமாவது 5 மி.மீ. தடிப்புக்குக் குறையாமல் இருக்கட்டும். கண்ணாடி வளையாது; அதன் எடையே ஒரு பாதுகாப்பு. சமையலறையில் மாவும் பருப்பும் போட்டு வைக்கும் உயரமான பிளாஸ்டிக் டப்பாக்களில் மூடியின் இரு முனைகளில் மட்டும் கொண்டி இருப்பதுண்டு. அவற்றை மாட்டிய பின் நீளப்பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள், இடைவெளி விழும். அங்கே கூடுதல் கவ்விகள் போட முடியுமானால் அந்த டப்பாவை எடுத்துக்கொள்ளலாம்.

வழுவழுப்பான சுவரில் பூரான் ஏறாது என்கிறார்களே?

சுத்தமான கண்ணாடியில் பெரிய பூரான் ஏறாது என்பது உண்மை. அதன் கால் நுனியிலுள்ள நகத்துக்கு அங்கே பிடி கிடைக்காது. ஆனால் வளர்ப்புப் பெட்டியின் சுவர் சில வாரங்களுக்கு மேல் சுத்தமாக இருப்பதில்லை. நீர்த்துளி காய்ந்த சுண்ணாம்புக் கறை, ஒட்டிக்கொண்ட மண், கரப்பானின் எச்சம் எல்லாம் நகத்துக்குப் பிடி கொடுக்கும்.

கண்ணாடித் தொட்டியின் பெரிய பலவீனம் மூலைகளில் உள்ள சிலிக்கான் பசைதான். ஒரு நாள் இரவு சிவப்பு விளக்கில் என் பூரான் மூலையருகே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உணர்கொம்புகளால் இரண்டு கண்ணாடிகளையும் மாறிமாறித் தட்டிவிட்டு, நடுவிலிருந்த பசைக் கோட்டின் மேல் ஓர் இணைக் காலை வைத்து அழுத்தியது; கால் வழுக்கவில்லை என்றதும் அடுத்த இணை, அதற்கடுத்த இணை என்று ஏணியில் ஏறுவதைப்போல ஏறி ஒரு நிமிடத்துக்குள் மூடியைத் தொட்டுவிட்டது. அன்று மூடி பூட்டியிருந்தது. மறுநாளே உள்பக்கத்துப் பசையின் மிகுதியைப் பிளேடால் சீவி, மூலைகளின் மேல் பாதியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டையை வளைத்து ஒட்டினேன். பசையின் புளிப்பு வாடை முற்றிலும் போகும்வரை பூரானைத் திரும்ப விடவில்லை.

வாசலைன் பூசுவது, வழுக்குப் பூச்சு அடிப்பது போன்றவை எறும்புக்குப் பயன்படலாம். பூரானுக்கு அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

மூடியை எப்படி அமைப்பது?

பூரான் மூடியை எட்டாது என்ற கணக்கில் உயரத்தை அமையுங்கள். தினமும் எட்டிவிடுகிறது என்ற கணக்கில் மூடியை அமையுங்கள். இரண்டில் ஒன்று தோற்றாலும் மற்றது காக்கும்.

நான்கு பக்கமும் கவ்வும் கொண்டிகள் வேண்டும். மேலே பாரமாகப் புத்தகம் வைப்பது மூடியாகாது. பூரான் ஒரு பிளவில் தலையை நுழைத்தால், உடல் முழுவதன் தசை வலுவையும் ஆப்பு அடிப்பதைப்போல அதில் செலுத்தும். காடியில் நகரும் கண்ணாடி மூடி நல்லதுதான், ஆனால் முழுவதும் மூடிய நிலையிலும் முனையில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, நகராதபடி சிறு பூட்டும் போட வேண்டும். மூடியின் இடுக்கை அடைக்கப் பஞ்சும் ஸ்பாஞ்சு பட்டையும் வைக்காதீர்கள். பூரான் அவற்றைக் கடித்துத் துருவி எடுத்துவிடும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. எல்லாக் கொண்டிகளையும் மாட்டிய பின் ஒரு விசிட்டிங் கார்டை மூடிக்கும் பெட்டிக்கும் இடையே நான்கு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். எங்கும் நுழையக் கூடாது. வளர்ந்த பூரானுக்கு அட்டையளவு இடைவெளி போதாதுதான். ஆனால் அட்டை நுழையும் இடத்தில்தான் நாளை மூடி நெகிழும்.

சிறிய பூட்டு ஒன்றையும் போட்டுச் சாவியைத் தனியே வைப்பது நல்லது. விருந்தினர், பள்ளிப் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு உதவ வருபவர் என யாரும் ஆர்வத்தில் திறந்துவிடலாம். பெட்டியின் மேல் உள்ளே இருப்பது என்ன என்பதையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்.

காற்றுத் துளை எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒவ்வொரு துளையும் 2 மி.மீ.க்கு மிகாமல், எண்ணிக்கையில் நிறைய இருக்கட்டும். பெட்டியின் எதிரெதிர் சுவர்களின் மேற்பகுதியிலும் மூடியிலும் துளையிட்டால் காற்று குறுக்கே ஓடும். மூடியில் மட்டும் இட்டால் ஈரக்காற்று கீழேயே தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். பெரிய காற்று வாயில் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலையைப் பயன்படுத்துங்கள். கொசுவுக்குப் போடும் நைலான் வலை இதற்கு ஆகாது. பூரானின் கொடுக்கு அதைக் கிழித்துவிடும். கம்பி வலையை மூடியின் உள்பக்கத்தில் பொருத்துவதே சரி. அப்போது பூரான் முட்டினால் வலை மூடியோடு மேலும் அழுந்தும். வெளிப்பக்கம் ஒட்டியிருந்தால் அதே முட்டல் பசையை விடுவிக்கும்.

சூடேற்ற வேண்டுமா? ஒயரை எப்படி உள்ளே கொண்டுபோவது?

சப்ஸ்பினிபெஸுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி சூடேற்றவே வேண்டாம். கோடையில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் வைத்தால் வெப்பத்தாலேயே பூரான் செத்துப்போகும். ஆகவே கீழ்த்தளத்தின் குளிர்ந்த அறையைத் தேர்ந்தெடுங்கள். டொரொன்டோவிலோ இலண்டனிலோ குளிர்காலத்தில் வளர்ப்பவர் ஹீட் மேட் என்னும் சூடேற்றும் விரிப்பை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து, பெட்டியின் ஒரு பக்கச் சுவருக்கு வெளியே ஒட்ட வேண்டும். அடியில் ஒட்டக் கூடாது. சூடு மிஞ்சும்போது பூரான் இயல்பாகக் கீழ்நோக்கித் தோண்டும். அடியிலேயே சூடு இருந்தால் தப்பிக்கப் போய் வெந்துவிடும்.

ஒயர் விஷயத்தில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டின் உணரியை உள்ளே விடுவதற்காக மூடியின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, மீதி இடத்தை ஸ்பாஞ்சால் அடைத்திருந்தேன். ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில் பெட்டியின் பக்கத்தில் தரையில் ஸ்பாஞ்சுத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன, பூரானைக் காணவில்லை. உணரியின் ஒயரே அதற்குக் கயிறாக இருந்திருக்கிறது. இரண்டு இரவுகள் குடும்பத்தோடு பக்கத்துத் தெருவிலுள்ள என் அத்தை வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாள் குளியலறை வாசலில் கிடந்த ஈரக் கால்மிதியின் அடியில் அது இருந்தது. அந்த இரண்டு நாளும் என் மகள் செருப்பைத் தொடக்கூட அஞ்சியதை நான் மறக்கவில்லை. இப்போது என் பெட்டிகளுக்குள் எந்த ஒயரும் போவதில்லை. உணரியைச் சுவரின் வெளிப்பக்கம், ஹீட் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே வைக்கிறேன். உள்வெப்பத்தை அறிய மின்கலத்தில் இயங்கும் சிறு வெப்பமானியை உள்ளே வைத்தால் போதும்.

உள்ளே என்ன மண் போடுவது?

தேங்காய் நார்க்கழிவுத் தூளும், உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்டத்து மேல்மண்ணும் கலந்து போடுங்கள். நார்த்தூள் மட்டும் என்றால் வளை நிற்காமல் சரியும். மண்ணில் களிச்சத்து கொஞ்சம் இருந்தால் பூரான் தோண்டிய வளை அப்படியே நிற்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகெங்கும் போகும் அந்த நார்த்தூள் கட்டிகளில் உப்பு மிகுந்திருப்பதுண்டு. ஊறவைத்த நீரை இரண்டு மூன்று முறை மாற்றிப் பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள். ஆழம் 10 முதல் 15 செ.மீ. வரை. கூரான கற்களும் சரளையும் வேண்டாம்.

ஈரத்தை எப்படிக் காப்பது?

பூரானின் மேல்தோலில் பூச்சிகளுக்கு உள்ளதைப்போல நீரைத் தடுக்கும் மெழுகுப் படலம் இல்லை என்பதால் உடல் நீர் விரைவாக வற்றுகிறது. வறண்ட பெட்டியில் வைக்கப்பட்ட பூரான் நாள் முழுதும் சுவரோரம் அலைந்துகொண்டே இருக்கும். அதைச் சுறுசுறுப்பு என்று நினைப்பவர்கள் உண்டு, உண்மையில் அது ஈரம் தேடுகிறது. தப்பும் முயற்சிகளில் பெரும்பாலானவை ஈரமோ வெப்பமோ சரியில்லாததால் நிகழ்பவை என்பது என் அனுபவம். வசதியாக இருக்கும் பூரான் வளையைவிட்டு அதிகம் வெளியே வராது. பெட்டியின் பாதுகாப்பில் பாதி மூடியில் இருக்கிறதென்றால், மறு பாதி மண்ணில் இருக்கிறது.

மேலே தெளிப்பதைவிட ஒரு மூலையில் நீரை மெதுவாக ஊற்றி, அடிமண் ஈரமாகவும் மேல்மண் சற்று உலர்ந்தும் இருக்கும்படி செய்யுங்கள். ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் உலர்வும் இருந்தால் பூரான் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். மண்ணை எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும். அகலமான, ஆழம் குறைந்த நீர்த்தட்டும் எப்போதும் இருக்கட்டும். அமெரிக்கப் பாலைப்பகுதியைச் சேர்ந்த ஸ்கொலோபென்ட்ரா ஹீரோஸ் போன்றவற்றுக்கு ஈரம் இதைவிடக் குறைவாகப் போதும்.

பூஞ்சையும் சிற்றுண்ணியும் வராமல் தடுக்க, ஸ்பிரிங்டெயில் என்னும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மண்ணுயிரிகளை விடலாம். அவை பூரானைத் தொந்தரவு செய்வதில்லை.

மறைவிடமாக எதை வைக்கலாம்?

கார்க் மரப்பட்டை ஒன்றைப் பெட்டியின் நடுவில், படுத்த நிலையில் வையுங்கள். நிமிர்த்தி வைப்பது ஏணி சாத்துவதற்குச் சமம். கனமான கல்லும் மண் கிண்ணமும் வைப்பதானால் அவற்றின் அடி பெட்டியின் தரையிலேயே பதிந்திருக்க வேண்டும். மண்ணின் மேல் வைத்தால் பூரான் அதன் கீழே தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடும்.

பெட்டியை வீட்டில் எங்கே வைப்பது?

கதவை முழுவதும் சாத்தக்கூடிய, கதவின் அடியில் இடைவெளி அடைக்கப்பட்ட அறையில், நேரடி வெயில் படாத இடத்தில், இடித்தாலும் விழாத தாழ்வான உறுதியான பலகையில் வையுங்கள். முடிந்தால் அந்தப் பெட்டியை, மூடியோடு கூடிய இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைப்பது மிகச் சிறந்த காப்பு.

நம் வீடுகளுக்கு உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கொசுவத்தி, மின்சாரத்தில் செருகும் கொசுமருந்து, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, எறும்புக்குக் கோடு போடும் சாக்கட்டி ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சிகளைப்போலவே பூரானையும் கொல்லும். பூரான் இருக்கும் அறையில் கொசுவலை மட்டுமே கட்டுங்கள். எறும்பு வராமலிருக்க மேசையின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தலாம். ஆனால் அந்த நீர் பூரானையும் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். 2016இல் தென்கிழக்காசியாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஸ்கொலோபென்ட்ரா கேட்டராக்டா நீருக்குள்ளேயே நீந்தி ஓடுகிறது.

திறக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

பூரான் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கொண்டியைத் தொட வேண்டும். தெரியவில்லையென்றால் அன்று திறக்காதீர்கள். வாரம் ஒரு முறை உண்ணும் உயிருக்கு ஒரு நாள் தாமதம் தீங்கு செய்யாது. மண் படிந்து உள்ளே தெரியாத பெட்டி பூட்டியிருந்தாலும் பாதுகாப்பற்றதே என்பதால், உள்ளே தெரியும்படி சுவரை அடிக்கடி துடைத்து வையுங்கள். மூடியின் உள்பக்கத்திலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆகவே மேலிருந்தும் பாருங்கள்.

பெட்டியை ஓர் ஆழமான, அகன்ற பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துத் திறப்பது என் வழக்கம். கையில் 30 செ.மீ. நீள இடுக்கியும், பக்கத்தில் வாயகன்ற தெளிவான டப்பாவும் தடித்த அட்டையும் இருக்கட்டும். தளர்ந்த முழுக்கைச் சட்டை வேண்டாம். பூரான் இடுக்கியின் மேலேயே ஓடி ஏறும். அது நடந்தால் இடுக்கியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கையை எடுங்கள், உதறாதீர்கள். கையால் எடுப்பதையும் கைமேல் விட்டுப் படம் எடுப்பதையும் நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். பூரானுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

பெட்டியை முழுவதும் சுத்தம் செய்ய வேண்டியபோது பூரானை முதலில் மாற்ற வேண்டும். கறுப்புத் துணி சுற்றிய டப்பாவை அதன் முன்னால் படுக்க வைத்து, நீண்ட தூரிகையால் உடலின் பின்முனையை மெதுவாகத் தொட்டால், வெளிச்சத்தை விரும்பாத பூரான் தானாகவே இருட்டுக்குள் போகும். தலைப்பக்கம் தொடக் கூடாது.

தோலுரிக்கும் காலத்தில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். உண்பதை நிறுத்தி, நிறம் மங்கி, வளைக்குள் ஒடுங்கினால் தோலுரிக்கப் போகிறது என்று பொருள். உயிரோடு விட்ட சுவர்க்கோழி, கரப்பான் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். புதுத்தோல் இளகியிருக்கும்போது ஒரு சுவர்க்கோழியே அதைக் கடித்துக் கொன்றுவிடும். உரித்த தோலைப் பூரானே தின்னும். இழந்த கால் அடுத்தடுத்த உரிப்புகளில் மீண்டும் வளரும்.

இரண்டு பூரான்களை ஒரே பெட்டியில் வைக்கலாமா?

கூடாது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

தப்பிவிட்டால்?

அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துணியைச் சுருட்டி அடைத்து, குழந்தைகளையும் நாய் பூனைகளையும் வேறிடத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் உள்ள எல்லோரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்துவிட்டுத் தனியே தேடுவது பொறுப்பற்ற செயல். பூரான் ஈரத்தையும் இருட்டையும் தேடிப் போகும் என்பதால் குளியலறை, சலவை இயந்திரத்தின் அடி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், செருப்பு அடுக்கு, தரையில் கிடக்கும் துணி ஆகியவற்றில் முதலில் பாருங்கள். சுவரோரமாக ஈரச் சாக்குகளை விரித்து வைத்து விடியற்காலையில் ஒவ்வொன்றாக இடுக்கியால் தூக்கிப் பார்ப்பது நல்ல பலன் தரும். கிடைக்கும்வரை செருப்பை உதறாமல் அணிய வேண்டாம், தரையில் படுக்கவும் வேண்டாம்.

கடித்துவிட்டால்?

சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மோதிரம், வளையல் போன்றவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கடுமையான வலியும் வீக்கமும் சிவப்பும் இருக்கும். பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரியுள்ள நீரில் கடிபட்ட இடத்தை அமிழ்த்தினால் பலருக்கு வலி தணிகிறது. சூட்டை மற்றொரு கையால் சோதித்துப் பார்த்த பின்னரே அமிழ்த்துங்கள். பனிக்கட்டி ஒத்தடமும் உதவும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் அவசர ஊர்தி வரும். கடிபட்டவர் குழந்தையோ முதியவரோ இதய நோயாளியோ ஆனால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. தனியாக வாழ்பவர் திறக்கும் முன் ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் திறப்பது நல்ல வழக்கம்.

இனி வளர்க்க முடியவில்லை என்றால் தோட்டத்தில் விட்டுவிடலாமா?

கூடாது. சப்ஸ்பினிபெஸ் மனிதர்களோடு பயணம் செய்தே ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்து, இன்று அங்கே நிலைத்துவிட்டது. பெரும்பூரான் வளர்ப்பில் 10 ஆண்டு வரைகூட வாழக்கூடும் என்பதை எண்ணியே வாங்க வேண்டும். முடியாதபோது அனுபவமுள்ள வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டிலும் மாநிலத்திலும் உள்ள வனவிலங்குச் சட்டத்தையும் வாடகை வீட்டு ஒப்பந்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

பெட்டிக்குள் முட்டை இட்டுவிட்டது. என்ன செய்வது?

காட்டில் பிடிக்கப்பட்ட பெண் பூரான், தனியாகவே இருந்தும் முட்டையிடுவதுண்டு. தாய் முட்டைக் குவியலைச் சுற்றி உடலை வளையமாகச் சுருட்டி, கால்களால் அணைத்து, பல வாரங்கள் உண்ணாமல் ஒவ்வொரு முட்டையையும் நக்கிப் பூஞ்சை படாமல் காக்கும். வளை கண்ணாடியை ஒட்டி இருந்ததால் ஒரு முறை அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது: வெளிர்மஞ்சள் மணிகள், அவற்றின்மேல் ஓயாமல் அசையும் தாயின் வாய். வெளிச்சமோ அதிர்வோ பட்டால் அது முட்டைகளைத் தின்றுவிடும். அந்தப் பக்கக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நீரை மட்டும் எதிர் மூலையில் ஊற்றிவிட்டு விலகியிருங்கள்.

குஞ்சுகள் வெளிவரும்போதே எல்லாக் கால்களோடும் இருக்கும். தாயை விட்டு நகரத் தொடங்கியதும் 2 மி.மீ. துளை அவற்றுக்கு வாசலாகிவிடும். ஆகவே முட்டையைக் கண்ட அன்றே, பெட்டியை அசைக்காமல், எல்லாக் காற்றுத் துளைகளின் வெளிப்பக்கத்திலும் அரை மி.மீ. கண்ணுள்ள எஃகு வலையை ஒட்டி, அதன் விளிம்புகளை நாடாவால் முழுவதும் மூடிவிடுங்கள். பிறகு அட்டைச் சோதனையை, இம்முறை மெல்லிய எழுதும் தாளைக் கொண்டு, மூடியைச் சுற்றி மறுபடியும் செய்யுங்கள்.